சத்தமில்லாமல் பரவும் கோழி நோய்



வ. புதுப்பட்டி, வத்திராயிருப்பு, கூமாபட்டி, சுந்தரபாண்டியம், கிருஷ்ணன்கோவில் வட்டாரத்தில் கோழியையும் முட்டையையும் நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் பல. கறிக்கோழிக் கடை, முட்டை மொத்த வியாபாரம், தீவனக் கடை, புரோட்டாக் கடை, பிரியாணிக் கடை, மசாலாப் பொருள் விற்கும் பலசரக்குக் கடை என்று இந்தத் தொடர்பு நீண்டுகொண்டே போகிறது. கோழிக்கு ஒரு சங்கடம் வந்தால் அது இத்தனை கல்லாப்பெட்டியிலும் தெரியும்.

2006 பிப்ரவரியில் மகாராஷ்டிர மாநிலம் நந்துர்பார் மாவட்டத்தில் உள்ள நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் உறுதி செய்யப்பட்டது. இந்தியப் பண்ணைகளில் அதுவே முதல் முறை. தமிழ்நாட்டுப் பண்ணைகளில் அப்போது அந்த நோய் இல்லை. ஆனாலும் செய்தி பரவியதும் இங்கேயும் மக்கள் கோழி வாங்கத் தயங்கினார்கள். கறிக்கோழி விலையும் முட்டை விலையும் சரிந்தன. பின்னர் கேரளத்தில் 2014, 2016, 2021, 2024 ஆகிய ஆண்டுகளில் ஆலப்புழைப் பகுதி வாத்துகளிலும் கோழிகளிலும் நோய் கண்டது. அதுபோன்ற நேரங்களில் செங்கோட்டையை அடுத்த புளியரை சோதனைச் சாவடியில் கேரள வண்டிகளை நிறுத்தி மருந்து தெளித்ததை அந்த வழியாகச் சரக்கு ஏற்றி வந்தவர்கள் பார்த்திருப்பார்கள்.

இது கொடிய வகைப் பறவைக் காய்ச்சல். இதைப் பற்றி நாளிதழும் எழுதுகிறது, அரசும் எச்சரிக்கிறது. ஆனால் அதே குடும்பத்தைச் சேர்ந்த மிதமான வகை ஒன்று உண்டு. அது செய்தியில் வருவதில்லை. சோதனைச் சாவடியில் யாரும் அதற்காக வண்டியை நிறுத்துவதில்லை. அது ஊர் விட்டு ஊர் போவது பெரும்பாலும் நம் வியாபாரத்தின் வழியாகத்தான். ஆகவே அது எப்படிப் பரவுகிறது என்பதைக் கோழி வளர்ப்பவரை விடக் கோழி விற்பவர் நன்கு தெரிந்துகொள்ள வேண்டும்.

மிதமான வகை என்றால் என்ன?

பறவைக் காய்ச்சலை உண்டாக்குவது இன்ஃப்ளுயன்சா 'ஏ' என்னும் வைரஸ். இதன் மேலுறையில் உள்ள இரண்டு புரதங்களைக் கொண்டு எச்5என்1, எச்7என்9, எச்9என்2 என்று பெயரிடுகிறார்கள். நீர்ப்பறவைகளே இவற்றின் இயற்கை இருப்பிடம். காட்டு வாத்துகளின் குடலில் இவை பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் செய்யாமல் வாழ்கின்றன.

கோழிக்குள் போன வைரஸ் உயிரணுக்களைத் தாக்க வேண்டுமானால், அதன் மேலுறைப் புரதம் முதலில் இரண்டாக வெட்டப்பட வேண்டும். மிதமான வகையை வெட்டக்கூடிய நொதிகள் கோழியின் மூச்சுப் பாதையிலும் குடலிலும் மட்டுமே உள்ளன. ஆகவே அந்த வைரஸ் அந்த இரண்டு இடங்களோடு நின்றுவிடுகிறது. கொடிய வகையை வெட்டும் நொதிகளோ உடல் முழுவதும் இருக்கின்றன. அதனால்தான் அது மூளை, இதயம், ஈரல் என்று எல்லா உறுப்புகளையும் தாக்கி, ஒரு பண்ணையையே சில நாளில் காலி செய்துவிடுகிறது.

நம் நாட்டுக்கு முக்கியமான மிதமான வகை எச்9என்2. 1966-ல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் வான்கோழிகளிடம் இது முதலில் கண்டறியப்பட்டது. இந்தியாவில் 2000-களின் தொடக்கத்திலிருந்து கோழிகளில் காணப்படுகிறது. இன்று ஆசியாவின் பல நாடுகளில் இது நிலையாகத் தங்கிவிட்டது.

கோழிக்கு என்ன செய்கிறது?

சில கோழிகளுக்கு ஒன்றுமே தெரியாது. சிலவற்றுக்குத் தும்மல், மூக்கில் சளி, முகத்தில் லேசான வீக்கம் இருக்கும். தீனி எடுப்பது குறையும். முட்டைக்கோழியில் முட்டை எண்ணிக்கை குறையும், ஓடு மெலிந்து போகும். கறிக்கோழியில் எடை கூடாது.

இதோடு வேறு கிருமிகள் சேர்ந்துகொண்டால் நிலைமை மாறிவிடும். மைக்கோபிளாஸ்மா என்னும் சளிக் கிருமியோ, ஈ. கோலை கிருமியோ, மூச்சுக்குழல் நோயை உண்டாக்கும் வேறு வைரஸோ உடன் இருந்தால் கோழிகள் கணிசமாகச் செத்துப் போகும். அப்போது பண்ணைக்காரர் 'சளி முற்றிவிட்டது' என்றோ, 'வெள்ளைக்கழிச்சலாக இருக்கும்' என்றோ நினைத்துக்கொள்கிறார். வெளி அடையாளத்தைப் பார்த்து இந்த நோய்களைப் பிரித்தறிய முடியாது. பரிசோதனைக் கூடத்தில்தான் உறுதி செய்ய முடியும்.

எப்படிப் பரவுகிறது?

நோய் தொற்றிய கோழி ஓரிரு நாளிலேயே வைரஸை வெளியேற்றத் தொடங்கி, சுமார் ஒரு வாரம் வரை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். எச்சத்திலும் வரும், மூக்குச் சளியிலும் வரும். எச்9என்2 வகையில் மூச்சுப் பாதை வழியாக வெளிவருவதே அதிகம். ஒரே கூண்டில் நெருக்கி அடைத்த கோழிகளிடையே தும்மலாலும், பொதுவான தண்ணீர்த் தொட்டியாலும், இறகோடு பறக்கும் தூசியாலும் அது விரைவாகப் பரவும்.

இது கூண்டுக்குள் நடப்பது. ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு எப்படிப் போகிறது? காற்றில் பல மைல் பறந்து போவதாகச் சிலர் நினைக்கிறார்கள். மிதமான வகையில் அதற்கான வாய்ப்பு மிகவும் குறைவு. அது போவது கூண்டில் ஒட்டிய எச்சத்தில், வண்டியின் டயரில், முட்டை அட்டையில், ஆட்களின் செருப்பில், பார்வைக்கு ஆரோக்கியமாகத் தெரியும் கோழியின் மூக்கில். குளிர்ந்த, ஈரமான எச்சத்தில் இந்தக் குடும்பத்து வைரஸ் ஒரு மாதம் வரை கூட உயிரோடு இருக்கும். நல்ல வெயிலிலும் வறட்சியிலும் சில நாளுக்கு மேல் தாங்காது. நம் பகுதி வெயில் நமக்கு ஒரு துணை. ஆனால் கடையின் பின்புறம் நிழலில், தண்ணீர் ஊறிய தரையில் கிடக்கும் கூண்டுக்கு அந்த வெயில் போய்ச் சேர்வதில்லை.

ஒரு வேனின் பயணம்

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். பல்லடம் பக்கமோ திண்டுக்கல் பக்கமோ ஒரு பண்ணையிலிருந்து இரவில் கோழி ஏற்றிய வேன் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதிகாலை கிருஷ்ணன்கோவிலில் ஒரு கடையில் நான்கு கூண்டு இறக்குகிறது. அடுத்து வத்திராயிருப்பில் இரண்டு கடை, அதன்பின் புதுப்பட்டியில் ஒரு கடை. ஒவ்வோர் இடத்திலும் புதுக் கூண்டை இறக்கிவிட்டு, நேற்றைய காலிக் கூண்டை எடுத்து ஏற்றுகிறார்கள். அந்தக் காலிக் கூண்டில் நேற்றைய எச்சம் காய்ந்தும் காயாமலும் இருக்கிறது. வேன் திரும்பும்போது நான்கு கடைகளின் எச்சமும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு ஒரே பண்ணைக்குப் போகிறது. மறுநாள் அதே கூண்டு, கழுவாமல், வேறொரு பண்ணையின் கொட்டகைக்குள் நுழைகிறது.

இதில் ஒருவரும் தவறு செய்ய எண்ணவில்லை. ஓட்டுநருக்கு நேரம் இல்லை. கடைக்காரருக்கு வாடிக்கையாளர் நிற்கிறார். பண்ணைக்காரருக்கு லோடு போனால் போதும். ஆனால் பண்ணையிலிருந்து கடைக்கு வந்த கிருமியைக் கடையிலிருந்து பண்ணைக்குத் திருப்பி அனுப்புவது இந்தக் காலிக் கூண்டுதான்.

முட்டை வியாபாரத்திலும் இதே கதை. நாமக்கல் முட்டை வரும் காகிதக் கூழ் அட்டையை நாம் பலமுறை பயன்படுத்துகிறோம். அதைக் கழுவ முடியாது, ஈரம் பட்டால் ஊறிவிடும். உடைந்த முட்டையும் எச்சமும் ஒட்டிய அட்டை மீண்டும் பண்ணைக்குள் போனால் அதோடு கிருமியும் போகும்.

இன்னொன்றையும் மனம்விட்டுப் பேச வேண்டும். பண்ணையில் கோழி தும்ம ஆரம்பித்தால், சாவு தொடங்குமுன் விற்றுவிட வேண்டும் என்று சிலர் அவசரப்படுவார்கள். வழக்கத்தைவிடக் கிலோவுக்குச் சில ரூபாய் குறைத்து ஒரு லோடு வரும். வாங்குபவருக்கு லாபமாகத் தெரியும். அந்த லோடு நம் கடைக்குள் வந்த பிறகு கூண்டில் இருக்கும் மற்றக் கோழிகளும் தும்மும், எடை குறையும், சில செத்தும் போகும். மிச்சமான ரூபாயை விட இழப்பு அதிகமாகிவிடும்.

கடையே நோயின் கிடங்கு ஆவது எப்படி?

ஒரு தடவை நோய் வந்து மீண்ட கோழிக்கு அதே வைரஸிடம் சிறிது காலம் எதிர்ப்புச் சக்தி இருக்கும். ஆகவே அடைத்து வைத்த ஒரே கூட்டத்தில் புதுக் கோழி சேராவிட்டால் நோய் தானாகவே ஓய்ந்துவிடும். கடையில் அப்படி ஆவதில்லை. நேற்று விற்காத கோழி ஐந்தாறு கூண்டில் நிற்கும். இன்று புதுக் கோழி பக்கத்திலேயே இறங்கும். நேற்றைய கோழி இன்றைய கோழிக்குக் கொடுக்கும். இன்றையது நாளையதற்குக் கொடுக்கும். எரியும் அடுப்பில் விறகு வைத்துக்கொண்டே இருப்பது போல நோய் அணையாமல் நிற்கும்.

கறிக்கோழி, நாட்டுக்கோழி, பண்ணையில் முட்டையிட்டு ஓய்ந்த கோழி, காடை, வாத்து எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்து விற்பதும் ஆபத்து. இவற்றில் காடை குறிப்பிடத்தக்கது. பல வகை இன்ஃப்ளுயன்சா வைரஸ்கள் காடையின் உடலில் எளிதாக வளர்கின்றன. நீர்ப்பறவையின் வைரஸ் கோழிக்கு ஏற்றபடி மாறுவதற்குக் காடை ஒரு படிக்கட்டு போல உதவுகிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

ஹாங்காங் வியாபாரிகள் கண்ட பாடம்

கடையை ஒழுங்குபடுத்துவதால் இந்த நோய் குறையுமா என்று கேட்கலாம். இதற்குக் கணக்கோடு பதில் சொல்லும் ஊர் ஹாங்காங். நம்மைப் போலவே அங்கும் மக்கள் உயிர்க்கோழியைக் கண்ணால் பார்த்து வாங்கும் பழக்கம் உள்ளவர்கள்.

1997-ல் ஹாங்காங்கில் எச்5என்1 நோய் 18 பேருக்குத் தொற்றி, 6 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டின் இறுதியில் சுமார் 15 லட்சம் கோழிகளும் பிற பறவைகளும் அழிக்கப்பட்டன. அதன்பின் அரசு சந்தைகளை ஒவ்வொரு படியாகச் சீர்திருத்தியது. 2001 முதல் மாதத்தில் ஒரு நாள் எல்லா உயிர்க்கோழிக் கடைகளும் காலி செய்யப்பட்டு, கழுவி, மருந்து தெளித்து ஓய்வு விடப்பட்டன. அந்த ஓய்வு நாளுக்குப் பிறகு எடுத்த மாதிரிகளில் எச்9என்2 குறைந்திருந்தது. 2002-ல் கோழிக் கடைகளில் காடை விற்பது தடை செய்யப்பட்டது. 2003-ல் ஓய்வு நாள் மாதத்துக்கு இரண்டாக ஆனது.

2008-ல் இன்னொரு விதி வந்தது. இரவு கடையில் உயிர்க்கோழி இருக்கக் கூடாது; மிச்சமானதை அன்றே அறுத்துவிட வேண்டும். சுமார் 12 ஆண்டுக் கணக்குகளை ஆராய்ந்தவர்கள், இந்த ஒரு விதியால் கோழிகளில் வைரஸ் கிடைப்பது 84 சதவீதம் குறைந்தது என்று 2012-ல் வெளியிட்டார்கள். புதிய மருந்து எதுவும் இல்லை. விலை உயர்ந்த இயந்திரமும் இல்லை. இரவு கூண்டு காலியாக இருக்க வேண்டும் என்ற ஒரே ஒழுங்கு இதைச் செய்தது.

மிதமானதுதானே என்று விட்டுவிடலாமா?

மூன்று காரணங்களால் விடக்கூடாது.

முதலாவது, எச்5, எச்7 வகைகளில் மிதமானது கொடியதாக மாறிவிடக் கூடும். 1983 ஏப்ரலில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் மிதமான எச்5என்2 தோன்றியது. அக்டோபரில் அது கொடியதாக மாறிவிட்டது. அதை அடக்க ஏறத்தாழ 1.7 கோடி பறவைகளை அழிக்க நேர்ந்தது. இத்தாலியில் 1999 மார்ச்சில் தோன்றிய மிதமான எச்7என்1 டிசம்பரில் கொடியதாகி 1.3 கோடிக்கும் அதிகமான பறவைகளைக் கொண்டுபோனது. மிதமாக இருந்தபோது அதை நிறுத்தியிருந்தால் அத்தனை நட்டமும் இல்லை. எச்9என்2 இதுவரை அப்படி மாறியதில்லை.

இரண்டாவது, எச்9என்2 தன் மரபுக்கூறுகளை மற்ற வைரஸ்களுக்குக் கொடுக்கிறது. 2013-ல் சீனாவில் தோன்றிய எச்7என்9 வைரஸின் உள் மரபுக்கூறுகள் எச்9என்2-விலிருந்து வந்தவை. அந்த எச்7என்9 தொடக்கத்தில் கோழிக்கு ஒன்றும் செய்யவில்லை. கடையில் கோழி திடமாக நின்றது. ஆனால் மனிதர்களில் 1,500-க்கும் மேற்பட்டோருக்குத் தொற்றி, ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கினரைப் பலி கொண்டது. 2013 ஏப்ரலில் ஷாங்காய் முதலிய நகரங்களில் உயிர்க்கோழிச் சந்தைகளை மூடிய பிறகுதான் அங்கே நோயாளிகள் எண்ணிக்கை வேகமாகக் குறைந்தது.

மூன்றாவது, எச்9என்2 தானே சில சமயம் மனிதருக்கும் வருகிறது. இந்தியாவில் 2019-ல் மகாராஷ்டிரத்தின் மேல்காட் பகுதியில் ஒரு கைக்குழந்தைக்கும், பின்னர் மேற்கு வங்கத்தில் நான்கு வயதுக் குழந்தை ஒன்றுக்கும் இது உறுதி செய்யப்பட்டது. மேற்கு வங்க நிகழ்ச்சியை உலக சுகாதார நிறுவனம் 2024 ஜூனில் அறிவித்தது. பெரும்பாலோருக்கு இது லேசான காய்ச்சலாகவே வந்து போகிறது. ஒரு மனிதரிடமிருந்து மற்றொருவருக்குத் தொடர்ந்து பரவியதில்லை. ஆனாலும் நாள் முழுதும் கோழி வெட்டும் நம் கடைப் பையன்களும், கடையின் பின்னே விளையாடும் நம் பிள்ளைகளும்தான் இதற்கு அருகில் இருப்பவர்கள்.

இதோடு ஒரு பணக் கணக்கும் உண்டு. கொடிய நோய் வந்தால் அரசு நோய் கண்ட இடத்தைச் சுற்றி 1 கிலோமீட்டர் வரை பறவைகளை அழித்து, உரியவருக்கு இழப்பீடு தருகிறது. எச்9என்2-வுக்குப் பறவைகளை அழிப்பதில்லை. அதனால் இழப்பீடும் இல்லை. எடை குறைந்தாலும் கோழி செத்தாலும் அந்த நட்டம் பண்ணைக்காரர் தலையிலும் நம் தலையிலும்தான் விழும்.

தடுப்பூசி போதாதா?

போபாலில் உள்ள தேசிய உயர் பாதுகாப்பு விலங்கு நோய் நிறுவனம் எச்9என்2-வுக்குத் தடுப்பூசி உருவாக்கி, 2022-ல் அதன் தொழில்நுட்பத்தைத் தனியார் நிறுவனங்களுக்கு வழங்கியது. முட்டைப் பண்ணைகளுக்கு இது நல்ல செய்தி. முட்டைக் குறைவையும் சாவையும் அது குறைக்கும். ஆனால் ஊசி போட்ட கோழிக்கும் வைரஸ் தொற்றலாம். அடையாளமே காட்டாமல் சிறிதளவு வெளியேற்றவும் செய்யலாம். ஆகவே ஊசி போட்ட பண்ணைக் கோழி என்பதற்காகக் கூண்டைக் கழுவாமல் விட முடியாது.

நாம் செய்ய வேண்டியவை

1. இரவில் கூண்டைக் காலி செய்யப் பழக வேண்டும். அன்றைய விற்பனையைக் கணக்கிட்டு லோடு வாங்கினால் மிச்சம் குறையும். மிச்சத்தை அறுத்துக் குளிர்பெட்டியில் வைக்கலாம்.

2. தினமும் முடியாவிட்டால் வாரத்தில் ஒரு நாளாவது கடை முழுவதும் காலியாக இருக்க வேண்டும். விற்பனை குறைந்த நாளைத் தேர்ந்து, ஒரு தெருவின் கடைகள் எல்லாம் ஒரே நாளில் ஓய்வு விட்டால் பலன் அதிகம். ஒருவர் மட்டும் செய்தால் பக்கத்துக் கடையிலிருந்து மறுநாளே நோய் திரும்பிவிடும். இதற்குச் சங்கம் பேசி ஒரு நாளை முடிவு செய்வதே வழி.

3. முதலில் எச்சத்தைச் சுரண்டிச் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவ வேண்டும். அதன்பின்தான் பிளீச்சிங் பவுடர் கரைசல். எச்சத்தின் மேலேயே பிளீச்சிங் பவுடரைத் தூவினால் அதன் சக்தி வீணாகிவிடும். இந்த வைரஸுக்குக் கொழுப்பு உறை இருப்பதால் சாதாரணச் சோப்பே அதை உடைத்துவிடும். கழுவிய கூண்டை வெயிலில் காய வைக்க வேண்டும். கரைசலின் அளவைக் கால்நடை மருந்தகத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

4. வேன்காரரிடம் கழுவாத காலிக் கூண்டை ஏற்றி அனுப்பக் கூடாது. முட்டை வியாபாரிகள் முடிந்தவரை கழுவக்கூடிய பிளாஸ்டிக் தட்டுக்கு மாறலாம். அழுக்கான காகித அட்டையைத் திருப்பி அனுப்பாமல் எரித்துவிடலாம்.

5. கடைக்கு வந்த கோழியை மீண்டும் பண்ணைக்கோ வீட்டில் வளர்ப்பதற்கோ கொடுக்கக் கூடாது. நாட்டுக்கோழி வாங்கிப் போய் வீட்டுக் கோழிகளோடு விடுபவர்களிடம், இரண்டு வாரம் தனியே அடைத்து வைக்கச் சொல்லுங்கள்.

6. காடை, வாத்து, நாட்டுக்கோழி, கறிக்கோழி ஆகியவற்றுக்குத் தனித்தனி இடம் வேண்டும். ஒன்றின் எச்சம் மற்றொன்றின் மேல் விழும்படி கூண்டுகளை அடுக்கக் கூடாது.

7. இறகு, குடல் முதலிய கழிவைக் கண்மாய்க் கரையில் கொட்டக் கூடாது. நாயும் காகமும் அதை இழுத்துப் போகும். குளிர்காலத்தில் கண்மாய்க்கு வரும் நீர்ப்பறவைகளுக்கும் அறுவடை வயலில் மேயும் வாத்துகளுக்கும் அங்கிருந்து தொடர்பு ஏற்படும். குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவி மூட வேண்டும்.

8. வெட்டும் ஆட்களுக்குக் கையுறை, முகத்துணி, தனிச் செருப்பு கொடுங்கள். வீட்டுக்குப் போகுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். காய்ச்சலோடு இருமல் வந்தால் மருத்துவரிடம் தாம் கோழிக் கடையில் வேலை செய்வதைச் சொல்ல வேண்டும்.

9. ஒரே லோடில் வழக்கத்துக்கு மாறாகப் பல கோழிகள் செத்தால் மறைக்காமல் கால்நடை மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். மிதமானதா கொடியதா என்பதை அவர் மாதிரி எடுத்து அனுப்பித்தான் சொல்ல முடியும்.

வாடிக்கையாளர் கேட்டால்

'கோழி சாப்பிடலாமா?' என்று கேட்பவருக்குத் தைரியமாகப் பதில் சொல்லலாம். நன்றாக வேக வைத்த கறியிலும் முட்டையிலும் இந்த வைரஸ் இருக்காது. 70 டிகிரி வெப்பம் உள்ளே வரை போனால் அது செத்துவிடும். நம் வீட்டுக் குழம்பு அதைவிட அதிகமாகவே கொதிக்கிறது. பச்சைக் கறி வெட்டிய பலகையையும் கத்தியையும் கழுவாமல் காய்கறி நறுக்கக் கூடாது என்பதை மட்டும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இந்தப் பதிலைச் சொல்லும்போது நம் கடையும் அதற்கு ஏற்றாற்போல் இருக்க வேண்டும். வாடிக்கையாளர் வாய்ச்சொல்லை விடக் கூண்டையும் தரையையும்தான் பார்க்கிறார். 2006-ல் நோய் இல்லாத ஊரிலும் வியாபாரம் விழுந்ததற்குக் காரணம் பயம். சுத்தமான கடையில் நிற்பவருக்கு அந்தப் பயம் குறைவாகத்தான் வரும்.

கொடிய நோயைத் தடுப்பது அரசின் கையில் பாதி இருக்கிறது. மிதமான நோயைத் தடுப்பதோ பெரும்பாலும் நம் கையில்தான். காலிக் கூண்டு, கழுவிய தரை, வாரம் ஒரு நாள் ஓய்வு ஆகிய மூன்றுக்கும் ஆகும் செலவு, ஒரு லோடு கோழி தும்மினால் வரும் நட்டத்தை விடக் குறைவு. அடுத்த சங்கக் கூட்டத்தில் கோழி, முட்டை வியாபாரிகள் அனைவரும் கூடி ஓய்வு நாளைப் பற்றி முடிவெடுக்க வேண்டுகிறோம்.

வருமுன் காப்போம், வாணிபம் காப்போம்.